3,540 ரூபாய்க்கு நாலு ஹார்மோன்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. அதில் அந்த அரை, மத்தியானம் ஊற்றிய கொள்ளு ரசத்துக்கு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் நடந்த மகிழ்ச்சி ஹார்மோன் பயிற்சிக்குப் போய் வந்தேன். கட்டணம் 3,000, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 3,540. காலை 9.30 முதல் மாலை 5.30 வரை. இரண்டு வேளை காபி, சாப்பாடு, வழவழ தாளில் ஒரு கையேடு, 30 நாளைக்கு ஒரு ஆப். நடத்தியவர் பெயர் வேண்டாம். இதே சரக்கு இன்று ஊருக்கு நாலு பேரிடம் கிடைக்கிறது, அதனால் இவர் ஒருவரைப் பிடித்து உலுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

போனதற்குக் காரணம் என் நாத்தனார். "அண்ணி, எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கீங்க, ஒரு தடவை வந்துதான் பாருங்களேன்" என்று மூன்று வாரம் விடாமல் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மில்லில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு, மாதக் கடைசியில் ராத்திரி 11 மணிக்கு வந்து படுத்தாலும் உடனே தூங்க மாட்டேன், கட்டைவிரலால் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே கிடப்பேன், என்ன பார்த்தாய் என்று காலையில் கேட்டால் ஒன்றுகூட நினைவில் இருக்காது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த விமர்சனத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. அப்பாவுக்கு 6 வருஷமாகப் பார்க்கின்சன் நோய், மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் குறைந்து உடம்பு அசைவு தடுமாறுகிற நோய். எங்கள் வீட்டில் டோபமைன் என்பது பயிற்சியில் கேட்டுத் தெரிந்துகொள்கிற சொல் இல்லை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று அலாரம் வைத்துக் கொடுக்கிற மாத்திரை. மாத்திரையில் இருப்பது டோபமைன்கூட இல்லை, லெவோடோபா. டோபமைனை அப்படியே விழுங்கினால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். சாப்பாட்டில் பருப்பும் முட்டையும் அதிகமானால் அந்த வேளை மாத்திரை சரியாக ஏறாது. இதையெல்லாம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, அவரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டே கற்றுக்கொண்டது.

சரி, பயிற்சிக்கு வருவோம். சுமார் 60 பேர். சார் மேடையேறியதும் (எல்லாரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம்) திரையில் நாலு தொட்டி போட்ட படம் வந்தது. டோபமைன், ஆக்ஸிடோசின், செரடோனின், எண்டார்பின். நாலின் ஆங்கில முதல் எழுத்தையும் சேர்த்தால் 'டோஸ்' என்று வருமாம், தினமும் ஒரு டோஸ் ஏத்திக்கங்க என்றார். ஹாலில் நல்ல கைத்தட்டல். ஒவ்வொரு தொட்டியிலும் பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி ஒரு முள். முள் கீழே இருந்தால் சோகம், மேலே இருந்தால் சந்தோஷம்.

என் மனக்குறை அத்தனையும் அந்தப் படத்திலிருந்துதான்.

முதல் தொட்டி டோபமைன். அதன்மேல் 'மகிழ்ச்சி' என்று எழுதியிருந்தது. அப்பாவைப் பார்த்த யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அந்த நோய் என்றால் ஊர் கண்ணுக்குத் தெரிவது கைநடுக்கம் மட்டும். எங்களைப் பாடாய்ப் படுத்தியது ஆரம்பிக்க முடியாமை. தண்ணீர்ச் சொம்பு கையெட்டும் தூரத்தில் இருக்கும், தாகமும் இருக்கும், ஆனால் எடுக்க மாட்டார். நாம் எடுத்து வாயில் ஊற்றினால் சுகமாகக் குடிப்பார். பருப்பு சாதத்தில் நெய் விட்டு ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார். ருசி போகவில்லை, ஆசையும் செத்துவிடவில்லை, ருசியை நோக்கிக் கையை அனுப்புகிற ஒன்றுதான் காணாமல் போயிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு "மனசு வெச்சா நடக்கலாமுங்க மாமா, சும்மா உக்காந்தே இருந்தா எப்படி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மனசு வைப்பதற்கே அந்தச் சாமான் வேண்டும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இதை எலியில் அச்சாகக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்பவர், டோபமைனைக் கிட்டத்தட்ட முழுக்க அழித்த எலிகளை வைத்துப் பார்த்தார். கண்முன்னே தீனி இருந்தும் அவை போய்த் தின்னவில்லை, குழாய் வைத்து ஊட்டித்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் மற்ற எலிகளைப் போலவே உதட்டை நக்கிச் சப்புக்கொட்டின. பிடிப்பது வேறு, வேண்டுமென்று தேடிப் போவது வேறு என்றார் அவர். டோபமைன் இரண்டாவதின் ஆள். எனக்கு அதைப் படித்தபோது எலி ஞாபகத்துக்கு வரவில்லை, சொம்புதான் வந்தது.

சாருடைய ஸ்லைடு 1954-லேயே நின்றுவிட்டது என்று தோன்றியது. அந்த வருஷம்தான் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் கம்பி வைத்து, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே மெல்லிய மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி சலிக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் இதுதான் இன்பத்தின் இருப்பிடம் என்று அன்றைக்கு எல்லாரும் முடிவு கட்டினார்கள், நியாயமான ஊகம்தான். ஆனால் ராத்திரி 11 மணிக்கு ரீல்ஸ் தள்ளுகிற என்னைக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன், விடாமல் அழுத்துவதற்கும் சந்தோஷமாக இருப்பதற்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்தது. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டு பழச்சாறு கிடைத்தால் டோபமைன் நரம்புகள் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்டால் துடிப்பு விளக்குக்குப் போய்விடும், சாறு வரும்போது சத்தமே இருக்காது. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால் சாதாரணமாக இருக்கிற துடிப்பும் சற்று அடங்கிப்போகும். அதாவது அது சுகத்தை அளக்கவில்லை, நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கெழுதுகிறது. என் தொழில்பாஷையில் சொன்னால் பட்ஜெட்டுக்கும் அசலுக்கும் உள்ள வேறுபாடு, மாதாமாதம் நான் போடுகிற அதே ஸ்டேட்மெண்ட். அடுத்த ரீல் நன்றாக இருக்குமா மொக்கையாக இருக்குமா என்று தெரியாததால்தான் கட்டைவிரல் நிற்பதில்லை. எல்லாமே நன்றாக இருந்திருந்தால் சீக்கிரமே அலுத்திருக்கும். இந்த ஒரு சோதனையைச் சொல்லியிருந்தால் ஹாலில் இருந்த 60 பேருக்கும் கொடுத்த காசு அங்கேயே செரித்திருக்கும். அது வரவில்லை. பதிலாக, காலையில் படுக்கையை மடித்து வைத்தால் டோபமைன் ஏறும் என்று ஒரு ஸ்லைடு வந்தது.

லாட்டரிக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2 வருஷம் முன்னால் அப்பாவுக்கு லெவோடோபாவோடு பிராமிபெக்ஸோல் என்று இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள், டோபமைன் மாதிரியே நடித்து, மூளையில் டோபமைன் வந்து ஒட்டுகிற வாங்கிகளைத் தட்டுகிற மருந்து. நடை நன்றாகவே தெளிந்தது. கொஞ்ச நாளில் பஞ்சாங்கத்துக்குள், ரேஷன் கார்டு உறைக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று கேரளா லாட்டரிச் சீட்டாக வர ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே ஒழித்துவிட்டார்கள், ஆனால் எங்களுக்கு வாளையார் எத்தனை தூரம்? யாராவது அந்தப் பக்கம் போனால் காசு கொடுத்து அனுப்புவாராம். வாழ்நாளில் தாயக்கட்டை உருட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். 100 ரூபாய் விழுந்த அன்று அவர் முகத்தில் சந்தோஷம்கூடச் சரியாக இல்லை, அடுத்த சீட்டு எப்போது என்றார். டாக்டரிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. இந்த வகை மாத்திரை சிலருக்குச் சூதாட்டம், கடையில் கண்டதை வாங்குவது, தின்றுகொண்டே இருப்பது என்று இழுத்துவிடும், நாங்கள் முன்பே எச்சரித்திருக்க வேண்டும் என்றார். படிப்படியாகக் குறைத்தார். சீட்டு நின்றது. ஒழுக்கம் என்று நாம் நினைக்கிறதில் எவ்வளவு பங்கு மில்லிகிராமில் இருக்கிறது என்று அன்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. முள்ளை மேலே ஏற்றினால் நல்லது என்று சார் சொன்னபோது நான் கைதட்டாததற்குக் காரணம் அந்தப் பஞ்சாங்கம்.

காபி இடைவேளையில் போய்க் கேட்டேன். மரியாதையாகவே பேசினார். "மேடம், நீங்க சொல்றது சரிங்க, ஆனா ஒரே நாள்ல அவ்வளவு ஆழமா போக முடியாதுங்க. ஜனங்களுக்கு எளிமையாச் சொல்லோணும்." எளிமை வேறு தப்பு வேறு என்று நாக்கு நுனி வரை வந்தது. காபி நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பாராட்ட வேண்டியதையும் பாராட்ட வேண்டும். வாசலிலேயே எல்லார் போனையும் வாங்கி ஆளுக்கொரு மஞ்சப்பையில் போட்டு டோக்கன் கொடுத்தார்கள், டோபமைன் விரதமாம். முதல் ஒரு மணி நேரத்தில் என் கை தானாக இடுப்பைத் தேடியது 10 தடவைக்குக் குறையாது. மத்தியானத்துக்கு மேல் தேடவில்லை. இதனால் மூளையில் டோபமைன் குறைந்து பின் புதிதாக ஊறுகிறது என்று சார் கொடுத்த விளக்கம் சரியில்லை, மூச்சு விடுவது மாதிரி அது எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கிற பொருள், நடக்கக்கூட அது வேண்டும். விரதம் என்ற பெயரை 2019-இல் பரவலாக்கிய கலிபோர்னியா உளவியலாளர் கேமரன் செபாவே, பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், டோபமைனைக் குறைப்பது நோக்கமில்லை, தூண்டுகிற பொருளைக் கைக்கெட்டாமல் வைத்துப் பழக்கத்தை மாற்றுகிற பழைய சிகிச்சை முறைதான் இது என்று சொன்னவர். ஆக விளக்கம் தப்பு, மஞ்சப்பை சரி. அந்தப் பையை வீட்டுக்கும் கொண்டுவந்து சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறேன், ராத்திரி 9.30-க்கு மேல் போன் அதில்தான். இந்த வரி வரைக்கும் நடக்கிறது.

சாப்பாடு: கொள்ளு ரசம் அபாரம். வெஜ் பிரியாணி வழக்கம்போல் தக்காளி சாதம். மகிழ்ச்சி பற்றிய பயிற்சியில் 60 பேருக்கு இரண்டே வரிசை போட்டு 40 நிமிஷம் நிற்கவைத்தது எந்த ஹார்மோனுக்கு என்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆக்ஸிடோசின், 'அன்பு ஹார்மோன்'. எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரை 20 விநாடி கட்டிப்பிடிக்கச் சொன்னார். நம் ஊரில்! ஆண்கள் பக்கம் சிரிப்பும் முதுகில் தட்டலுமாகச் சமாளித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தது 50 வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர், முதுகுவலிக்காரர் போல, நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "வேண்டாங்க கண்ணு, எனக்குச் சங்கோஜமா இருக்குது" என்றார். நான் நிம்மதியாகி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் இருவரும் அவர் மகள் கல்யாணச் செலவைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு நடந்த ஒரே உருப்படியான அன்பு அதுதான். கட்டிப்பிடிக்காமல்.

ஆக்ஸிடோசினைப் பற்றி மாடு வளர்த்த வீட்டில் பிறந்த யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் அம்மா வீட்டில் இரண்டு கறவை இருந்தது. கன்றை முட்டவிட்டு, மடியை நீவி, மாடு சாவகாசமாகத் தவிடு தின்னும்போதுதான் பால் இறங்கும். மடியில் பால் இருக்கும், ஆனால் இறக்குவதற்கு ஆக்ஸிடோசின் ரத்தத்தில் வர வேண்டும். புது ஆள் கறக்க உட்கார்ந்தாலோ நாய் குரைத்தாலோ மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும், மிரட்சியில் வருகிற அட்ரினலின் இதைத் தடுத்துவிடுகிறது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தோல்கன்று செய்து முன்னால் நிறுத்துவார்கள், தாய் அதை நக்கிக்கொண்டே பால் விடும். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். இதற்கும் சோம்பல்பட்டு ஊசி போட்டுக் கறக்கிறவர்களும் உண்டு. அந்த ஊசியில் இருப்பதும் பிரசவ அறையில் இடுப்புவலி வர ஏற்றுகிற மருந்தும் ஒரே பொருள்தான். கருப்பையைச் சுருங்கவைக்கிற அந்தச் சக்தியை 1906-இலேயே ஹென்றி டேல் பூனையில் பார்த்துவிட்டார், 9 அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலி என்று கண்டு அதைச் செயற்கையாகச் செய்த வின்சென்ட் து வின்யோவுக்கு 1955-இல் வேதியியல் நோபல்.

ஊசி போட்டால் பால் இறங்கும், சரி. பாசம் இறங்குமா? அதையும் பார்த்தார்கள். 2005-இல் சுவிட்சர்லாந்தில் மூக்கில் ஆக்ஸிடோசின் அடித்தவர்கள் முன்பின் தெரியாதவரிடம் பணத்தை நம்பி ஒப்படைத்தார்கள் என்று ஒரு சோதனை வந்து உலகமெல்லாம் அன்பு ஹார்மோன் என்று கொண்டாடியது. பின்னால் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2010-இல் நெதர்லாந்தில் செய்தது இன்னும் சுவாரசியம்: ஆக்ஸிடோசின் கொடுத்தால் தன் குழுவுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், அந்தக் குழுவுக்கு ஆபத்து என்று தெரிந்தால் எதிர்க்குழுவை முந்திக்கொண்டு தாக்கவும் தயாராகிறார்கள். கன்று ஈன்ற மாட்டின் பக்கத்தில் நாய் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது செய்தியே இல்லை. கன்றை நக்குவதும் நாயை முட்டுவதும் ஒரே மாடுதான். சார் இதைச் சொல்லியிருந்தால், வாட்ஸாப்பில் நம் ஆட்கள் நம் ஆட்கள் என்று உருகுகிறவர்கள் அடுத்த செய்தியிலேயே வேறு ஆட்களை ஏன் அப்படித் திட்டுகிறார்கள் என்று நல்ல விவாதமே நடந்திருக்கும். தொட்டிப் படத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. முள் மேலே போனால் அன்பு, அவ்வளவுதான்.

செரடோனின் பகுதியில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வாழைப்பழம் சாப்பிடுங்கள், செரடோனின் ஏறும் என்றதைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம் (பழத்தில் இருக்கிற செரடோனினும் மூளைக்குள் நுழைய முடியாது, உடம்பின் செரடோனினில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறது, அங்கே அதற்கு வேறு வேலை). ஆனால் அதே மூச்சில், மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் 30 நாள் ஆப்பை ஒழுங்காகச் செய்தால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார். ஹாலில் 60 பேர். அதில் யாரெல்லாம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மன அழுத்தம் என்றால் செரடோனின் குறைவு என்கிற எளிய கணக்கே இன்று தேறுவதில்லை என்பது உண்மை. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பிடைவெளியில் செரடோனின் கூடுகிறது, ஆனால் மனசு தேறப் பல வாரம் ஆகிறது, தொட்டி நிரம்புகிற விஷயமாக இருந்தால் அன்று சாயங்காலமே சரியாகியிருக்க வேண்டும். அதனால் மாத்திரை வீண் என்று ஆகிவிடாது. பலருக்கு அது வேலை செய்கிறது, திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும், நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். இங்கே நான் எழுந்து நின்று சொன்னேன், குரல் கொஞ்சம் நடுங்கியது. சார் "நிச்சயமா, டாக்டர் ஆலோசனைப்படிதாங்க" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். ஐந்தில் ஒரு முழு நட்சத்திரத்தை இதற்காகவே பிடுங்கினேன்.

எண்டார்பின் (உடம்பு தானே செய்துகொள்கிற வலிநீக்கி) பகுதி நன்றாக இருந்தது. அதில் பேச்சு குறைவு, ஆட்டம் அதிகம். பறைச் சத்தத்தைப் போட்டு 15 நிமிஷம் எல்லாரையும் ஆடவைத்தார், அந்த முதுகுவலி அம்மாவே உட்கார்ந்த இடத்தில் தோளைக் குலுக்கினார். வியர்த்துச் சிரித்து உட்கார்ந்தபோது மனசு லேசாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். எண்டார்பின்தானா என்பது வேறு பேச்சு. 2021-இல் ஜெர்மனியில் எண்டார்பினின் வேலையைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்துவிட்டு ஆட்களை ஓடவிட்டார்கள், அப்படியும், நெடுநேரம் ஓடினால் வருகிற அந்த மனமிதப்பு அவர்களுக்கு வந்தது. அதனால் உடம்பு தானே செய்துகொள்கிற கஞ்சா வகைப் பொருள்கள் மீது இப்போது சந்தேகம். அதில் ஒன்றை 1992-இல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் சமஸ்கிருத ஆனந்தத்தை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். ஆனந்தம் என்று நம் வாயில் புழங்குகிற சொல்லே உள்ளே இருக்க, அதை விட்டுவிட்டு டோஸ் என்கிற ஆங்கில எழுத்து விளையாட்டுக்குப் போனது அவர் நஷ்டம்.

நடுவில் இடுப்பில் கைவைத்துக் காலை அகட்டி 2 நிமிஷம் நின்றால் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஏறும், நேர்முகத் தேர்வுக்கு நல்லது என்று ஒன்று. 2010-இல் 42 பேரை வைத்துச் சொன்னது, 2015-இல் 200 பேரை வைத்துப் பார்த்தபோது ஹார்மோனில் மாற்றமே இல்லை, முதல் ஆய்வை எழுதிய ஒருவரே 2016-இல் தனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டார். டெஸ்டோஸ்டிரோன் என்றாலே வீரம் என்று பேசுகிறவர்களுக்கு 2011-இல் பிலிப்பைன்ஸில் 624 ஆண்களை வைத்துப் பார்த்ததைச் சொல்லலாம்: கல்யாணத்துக்கு முன் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தவர்கள்தான் சீக்கிரம் அப்பாவானார்கள், அப்பாவான பிறகு அது நன்றாக இறங்கியது, குழந்தையைத் தினம் தூக்கிப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. ஹார்மோன் ஆளை ஆட்டுகிறது என்று மட்டும் நினைக்கிறோம், தொட்டில் ஆட்டினால் ஹார்மோனும் மாறுகிறது. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, அதனால்தான் எனக்குக் கோபமே வருவதில்லை என்றார். சரிதான்.

4 மணிக்கு மேல் பயிற்சி சந்தையாகிவிட்டது. வெளியே மேஜை போட்டு டோபமைன் பொடி என்று 900 ரூபாய்க்கு ஒரு டப்பா. சேர்மானத்தைப் பார்த்தால் பூனைக்காலி விதை. மேலே பட்டால் அரித்துத் தள்ளுகிற அதே பூனைக்காலிதான், நாட்டு மருந்தில் பழைய சரக்கு. வேடிக்கை என்னவென்றால் இது சும்மா பொடி இல்லை. அந்த விதையில் நிஜமாகவே லெவோடோபா இருக்கிறது, அப்பா சாப்பிடுகிற அதே மருந்து. அதனால்தான் பயம். எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவில் ஒரு வரி இல்லை, யார் சாப்பிடக்கூடாது என்றும் இல்லை. நாங்கள் அரை மாத்திரை கூட்டுவதற்கே டாக்டரிடம் 2 தடவை கேட்கிறோம், இங்கே காலையில் பாலில் ஒரு ஸ்பூன் என்கிறார்கள்.

மூலிகை என்பதால் நான் முகம் சுளிக்கவில்லை. டோபமைனின் கதையே ஒரு நாட்டு வேரில்தான் ஆரம்பிக்கிறது. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் எழுதியபிறகுதான் வெளிநாட்டார் அதைத் திரும்பிப் பார்த்தார்கள், அதிலிருந்து ரெசர்பைன் பிரித்தெடுத்தார்கள். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் அந்த ரெசர்பைனை முயல்களுக்குக் கொடுத்தார், மூளையில் டோபமைன் வற்றிப்போய் முயல்கள் காது தொங்க அசையாமல் உட்கார்ந்துவிட்டன. லெவோடோபா கொடுத்ததும் எழுந்து ஓடின. டோபமைன் மூளையில் தனியாக ஒரு வேலை செய்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது, 2000-இல் அவருக்கு நோபல் பரிசு. அந்த முயல் மாதிரிதான் எங்கள் அப்பா காலை 5.30-க்கு உட்கார்ந்திருப்பார், 6 மணி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் "கண்ணு, பேப்பர் வந்துருச்சா" என்று எழுந்து வருவார். வேருக்கும் விதைக்கும் சக்தி இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அளவைக் கேட்க வேண்டும்.

ஆப் பற்றி இரண்டு வரி போதும். போனைக் குறைக்கச் சொன்ன பயிற்சியின் ஆப் ஒரு நாளைக்கு 11 அறிவிப்பு அனுப்புகிறது, எண்ணினேன். ஒரு நாள் விட்டால் "உங்கள் தொடர் அறுந்துவிட்டது" என்று சிவப்பில் அழுகிறது. ஷுல்ட்ஸின் குரங்கைச் சொல்லாமல் விட்டவர்கள் அதை நன்றாகவே படித்திருக்கிறார்கள் போல. 9-ஆம் நாள் அழித்துவிட்டேன்.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், வீட்டைவிட்டு ஒரு நாள் வெளியே போய் நாலு பேரோடு ஆடிவிட்டு வர ஒரு சாக்கு வேண்டும் என்கிறவர்கள் போகலாம், 3,540 அதிகம்தான், ஆனால் அந்த 15 நிமிஷம் நிஜம். அறிவியல் தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை எடுத்துப் படிக்கலாம். மருந்து சாப்பிடுகிறவர்கள் போனால், செரடோனின் ஸ்லைடு வரும்போது காபி குடிக்கக் கிளம்பிவிடுங்கள். கார் நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் போவது நல்லது. லிப்ட் மத்தியானம் வேலை செய்யவில்லை.

நாத்தனார் அந்தப் பொடியில் 2 டப்பா வாங்கிவிட்டாள், எனக்குத் தெரியாமல். "ஒண்ணு மாமாவுக்குன்னே வாங்கினேன் அண்ணி" என்று ஆசையாக நீட்டியபோது திட்டவும் முடியவில்லை. இரண்டும் எங்கள் வீட்டு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது, சீல் பிரிக்கவில்லை, பில்லும் இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று அவர்கள் நம்பருக்குக் கேட்டு 3 வாரம் ஆகிறது, இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. வந்தால் இங்கே எழுதுகிறேன்.